பிரிச்சாச்சு, இனி யார் பூட்டுறது?

கேள்வி: பழைய காரை ஆசை ஆசையாக வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்குகிற பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்களே, காசு தீர்ந்துபோவதுதான் காரணமா?

பதில்: காசும் ஒரு காரணம்தான். ஆனால் வெளியே சொல்லத் தோதான காரணம் என்பதால் அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே பேர் கிடைத்துவிட்டது. என்னைக் கேட்டால், அவசரப்பட்டு முழுசாகப் பிரித்துப் போடுவதுதான் முதல் காரணம். பிரிப்பது அவ்வளவு சுகமான வேலை! ஒரு சனி, ஞாயிறு கிடைத்தால் பம்பர், சீட், டேஷ்போர்டு, கதவு எல்லாம் கழன்று வந்துவிடும், ஏகப்பட்ட வேலை முடித்த மாதிரி திருப்தியாகவும் இருக்கும். கழற்றிய நட்டு, போல்ட்டெல்லாம் ஒரே டப்பாவுக்குள் போகும். ஒரு வருடம் கழித்து அந்த டப்பாவைக் கொட்டினால், ஒரே தடிமனில் வேறு வேறு நீளத்தில் ஒரு குவியல் போல்ட், கூடவே எந்த இடத்தில் இருந்ததென்றே தெரியாத ஒரு வளைந்த கிளிப். அன்றைக்கே பாதிப் பேருக்கு மனசு விட்டுப்போகும். கழற்றும்போதே போட்டோ எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கவர் போட்டுப் பேர் எழுதி வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

அடுத்தது, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, அதையும் பார்த்துடலாமே' என்கிற நினைப்பு. பிரேக்கைச் சரிசெய்யக் கீழே படுத்தவர் அடித்தகட்டில் ஓட்டையைப் பார்க்கிறார், அதற்கு வெல்டிங் வேண்டும், வெல்டிங் என்றால் தீப்பிடிக்காமல் இருக்கக் கார்பெட்டும் வயரிங்கும் வெளியே வர வேண்டும், வெளியே இழுத்த வயரின் உறை பொடிப்பொடியாகக் கையோடு வருகிறது, சரி, புது வயரிங்கே போட்டுவிடலாம்... ஒவ்வொன்றும் நியாயமான வேலைதான். ஆனால் கடைசியில் வண்டியை அரை அடி உருட்டக்கூட முடியாது, சாவி போட்டுப் பார்க்கும் சந்தோஷமும் போச்சு. அந்த நேரம் பார்த்து வேலை மாற்றம், வீடு மாற்றம், குழந்தை என்று ஏதாவது வந்தால் கதை முடிந்தது. ஓடுகிற வண்டியை ஓடவிட்டபடியே ஒரு சமயத்தில் ஒரு பகுதியை மட்டும் தொடுங்கள். முதலில் பிரேக், ஸ்டீயரிங், டயர், பெட்ரோல் குழாய். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில். பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: வாங்கப்போகும் வண்டியில் கதவுக்குக் கீழே இரண்டு துருக் கொப்புளம்தான் தெரிகிறது. சுரண்டி பெயின்ட் அடித்தால் போதாதா?

பதில்: போதாது. அந்த இடத்தில் துரு பெரும்பாலும் உள்ளே தொடங்கி வெளியே வருவது, கொப்புளம் தெரியும்போது உட்பக்கம் ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள், அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடிமனாகப் பூசியிருந்தால் ஒட்டாது. தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாமல் பாடியே பாரம் தாங்குகிற வண்டிகளில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டிப்பகுதிதான் பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கிறது. முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டி எடுத்தால் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் புதுத் தகடு வைத்தாலும் கதவு சாத்தாது. வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு வைத்துவிட வேண்டும். இன்னொன்று, சுரண்டிய தகட்டை வெறுமனே விட்டுவைத்தால் ஈரக்காற்று பட்டே மறுபடி துரு ஏறும். துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமரைத் தாமதிக்காமல் அடித்துவிடுங்கள்.

கேள்வி: முதல் முறை இறங்குகிறவர் எந்த மாதிரி வண்டி வாங்கலாம்?

பதில்: அபூர்வமான மாடல் பக்கமே போகாதீர்கள். ஒரு பின்விளக்குக் கண்ணாடிக்காக மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். ஏராளமாக விற்ற வண்டியென்றால் பாகம் செய்பவர்களும் இருப்பார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 2003 வரை 2 கோடிக்கு மேல் தயாரானது. 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 5 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு 1988-லிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்றது. குரோம் பாகங்கள் நன்றாக இருக்கிற வண்டியாகவும் பாருங்கள், ஏனென்றால் மறுபடி முலாம் பூசுவதற்குப் பழையதை உரித்து, தேய்த்து, செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காகப் போக வேண்டும், செலவு பயமுறுத்தும்.

கேள்வி: என் வண்டி பல வருடமாகப் பாதியில் நிற்கிறது. விற்பதா, தொடர்வதா?

பதில்: எதுவாக இருந்தாலும் சீக்கிரம் முடிவெடுங்கள், சும்மா நிற்கும் வண்டி அப்படியே இருப்பதில்லை. வழக்கமான பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அதனால் சக்கரத்தில் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டர் உள்ளே துருவேறி ஜாம் ஆகும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகப் படியும். தொடர்வதென்றால் இந்த மாதம் ஒரே ஒரு வேலையை எடுத்து முழுசாக முடியுங்கள், ஒரு கதவை மாட்டுவதாக இருந்தாலும் சரி. விற்பதென்றால் பாகம் பாகமாகக் கொடுக்காதீர்கள், நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மீதியை உங்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள். பெட்டிகளுக்குப் பேர் ஒட்டி, வண்டியை எப்படியாவது நாலு சக்கரத்தில் நிறுத்திவிட்டு விளம்பரம் கொடுங்கள். உருளாத வண்டியை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.