பதில்: பெங்களூர் அல்சூர் ஏரித் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் 13 காட்டுகிறது, மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர் கெட்டிருக்க வேண்டும் என்றில்லை. மதியம் இரண்டு மணிக்கு, பச்சையாகக் கிடக்கிற ஏரியில் லிட்டருக்கு 13 மில்லிகிராம் வரக்கூடியதுதான். சாக்கடை கலந்தால் ஆக்சிஜன் குறையத்தானே வேண்டும் என்கிறீர்கள். ஆனால் அந்தச் சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் பாசிக்குத் தீனி. வெயிலில் பாசி ஆக்சிஜனைக் கொட்டும், இரவில் அதுவே உறிஞ்சும். விடியற்காலையில் போய் அளந்து பாருங்கள், 2-க்குக் கீழேகூட இருக்கலாம். பிஎச்சும் (தண்ணீரின் அமில-காரத் தன்மை அளவு) சேர்த்து எடுங்கள். மதியம் 9-ஐத் தாண்டினால் பாசிதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதி.

மீட்டர் மேல் சந்தேகம் தீரவில்லையா? குழாய்த் தண்ணீரை இரண்டு வாளிகளில் மாற்றி மாற்றி இருபது முறை உயரத் தூக்கி ஊற்றி, சற்று நேரம் கழித்து அளந்து பாருங்கள். பெங்களூர் 900 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் 25 டிகிரியில் 7.4 அளவில் நிற்க வேண்டும். 8.2 வந்தால் கருவி கடல்மட்ட அழுத்தத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. நான் எம்எஸ்சி படித்தபோது ஒரு செமஸ்டர் முழுக்க அந்தத் தப்பான அமைப்பில்தான் அளந்தேன், யாருமே கவனிக்கவில்லை!

ஒன்று மட்டும். அந்த மதியத் தண்ணீரை பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் லேபுக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்சுவரில் சோடா மாதிரி குமிழி கட்டி, ஆக்சிஜன் வெளியேறிவிடும். கரையிலேயே அளந்துவிடுங்கள். பிஓடிக்கு (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனை அளக்கும் சோதனை) எடுப்பதாக இருந்தால், முதலில் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து நன்றாகக் குலுக்கி, அதிகப்படி ஆக்சிஜனைப் போக்கிவிட்டு அப்புறம் சோதனைக்கு வையுங்கள்.