கோவை மதுக்கரை முதல் கேரள எல்லை வாளையாறு வரை: சைட் வாங்குறவங்க கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (க.க.சாவடி): அண்ணா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் சைட்டை நம்பி வாங்கலாமுங்களா?

பதில்: பத்திரம் பதிவாகும், ரோடு அகலம் சரியா இருக்கும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டின லேஅவுட்னா 10 சதவீதம் பொது இடமா எழுதிக் கொடுத்திருக்கணும். அது இன்னும் காலியா இருக்குதான்னு நடந்து போய்ப் பாருங்க தம்பி. குடிதண்ணி எங்கிருந்து வரும், சாக்கடை எங்கே போகும்னு அப்ரூவல் சொல்லாது. கிராம வரைபடத்துல ஓடை குறுக்கே போகுதான்னு பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. மலையோரம்னா ஹாக்கா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) கட்டுப்பாட்டுல இருக்கிற கிராமமான்னும் விசாரிங்க.

கேள்வி (எட்டிமடை): 2018ல பிரிச்ச, டிடிசிபி அப்ரூவல் இல்லாத பஞ்சாயத்து சைட்டை வரன்முறை பண்ணி சட்டப்படி சரியாக்கலாமுங்களா?

பதில்: முடியாதுங்க. அந்த லேஅவுட்டுல ஒரு மனையாவது 20.10.2016க்குள்ள பத்திரமாகியிருக்கணும்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு): எங்க பக்கம் தொழில் நகரம், உங்க பக்கம் மேற்குப் புறவழிச்சாலை. ரெண்டு அரசும் சேர்ந்து திட்டம் போடாதா?

பதில்: எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். கோவை மாநகராட்சி 2011ல 105 சதுர கிலோமீட்டர்ல இருந்து 257 ஆச்சு. எங்கே வீடு, எங்கே தொழில், எங்கே ரோடுன்னு சொல்ற முழுமைத் திட்டமோ (மாஸ்டர் பிளான்) 1994ல போட்டது; அடுத்த வரைவு 2024லதான் வந்துச்சு. இடையில ரோடு போன பக்கமெல்லாம் சைட்டு போச்சு. இப்போ மதுக்கரை பக்கத்துல மைல்கல்ங்கிற இடத்துல இருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்கும் 32 கிலோமீட்டர் புறவழிச்சாலை. ரோட்டோரம் எதைக் கட்டலாம், எதை விடணும்னு முன்னாடியே தீர்மானிக்கலைன்னா அங்கேயும் இதே கதிதான்.

பாலக்காட்டுப் பக்கம் 1,710 ஏக்கர் தொழில் நகரத்துக்கு 2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கு. வேலைக்கு வர்றவங்க வாடகை குறைவா இருக்கிற பக்கம்தான் குடியேறுவாங்க, செக்போஸ்ட் பார்த்து இல்ல. தண்ணிக்கும் எல்லை இல்ல: வாளையாறு ஆறும் கேரளாவுல ஓடுற பாரதப்புழையிலதான் போய்ச் சேருது. யானைக்கும் எல்லை கிடையாது: 2021 நவம்பர்ல நவக்கரை பக்கம் ரயில் மோதி 3 யானை செத்துச்சே! ஆனா கோவைத் திட்டம் எல்லைக்கு இந்தப் பக்கத்தோட நின்னுடுது.

வழி இல்லாம இல்லைங்க. டெல்லியைச் சுத்தி ஹரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் மூணையும் சேர்த்து 1985ல தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியம்னு சட்டமே போட்டாங்க; அந்தந்தச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்ட பிறகுதான் அது வந்துச்சு. நம்ம ரெண்டு சட்டமன்றமும் ஓடைக்கும் காட்டுக்குமாவது அப்படி ஒண்ணு கேட்கணும்.

கேள்வி (மதுக்கரை): எங்களால ஆகுறது என்னங்க?

பதில்: தோட்டத்தை வீட்டுமனையா மாத்த ஆட்சேபணை கேட்டு பேப்பர்ல அறிவிப்பு வரும். தேதி முடியறதுக்குள்ள சர்வே நம்பர், ஓடை நம்பர் ரெண்டையும் குறிச்சு எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வெச்சுக்குங்க.