பிழையை விழுங்கினால் பில்லும் போகும்

கேள்வி: எங்கள் கடையின் பில்லிங் மென்பொருளை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மாற்றினோம். ஏற்கெனவே பதிவான போன் நம்பரோடு வாடிக்கையாளர் வந்தால் டூப்ளிகேட் பிழை வரும். கோடு அதை லாக்கில் (நடந்ததைக் குறித்துவைக்கும் கோப்பில்) எழுதிவிட்டு மேலே போகும். முன்பு பில் சரியாகவே பதிவானது. இப்போது கமிட்டில் (எல்லாவற்றையும் நிரந்தரமாகப் பதியும் கட்டளையில்) பிழை எதுவும் வருவதில்லை, ஆனால் பில்லையே காணோம். ஏன்?

பதில்: உங்கள் லாக்கில் 23505 என்ற பிழைக்கு அடுத்து வரிசையாக 25பி02 இருக்கும், பாருங்கள். முதலாவது டூப்ளிகேட். இரண்டாவது, "இந்த டிரான்சாக்‌ஷன் ஏற்கெனவே கெட்டுவிட்டது, இனி எதையும் செய்ய மாட்டேன்" என்று போஸ்ட்கிரஸ் சொல்வது. டிரான்சாக்‌ஷன் என்றால், ஒன்று முழுதாகப் பதிவாக வேண்டும், இல்லையேல் எதுவுமே பதிவாகக் கூடாது என்ற கட்டளைகளின் தொகுப்பு. ஒரு கட்டளை தோற்றாலே அதற்கு மொத்த டிரான்சாக்‌ஷனும் போனதுதான். அதன் பிறகு கமிட் கொடுத்தாலும் பிழை காட்டாமல் ரோல்பேக் செய்துவிட்டு (அதாவது செய்ததையெல்லாம் ரத்து செய்துவிட்டு), பதிலில் 'ரோல்பேக்' என்று மட்டும் சொல்லும். அந்த ஒரு சொல்லைப் பல கோடுகள் படிப்பதே இல்லை.

மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி அப்படியல்ல. டூப்ளிகேட் வந்தால் அந்தக் கட்டளையை மட்டும் ரத்து செய்துவிட்டு மற்றதை அப்படியே வைத்திருக்கும். அதனால்தான் பழைய கோடு ஓடியது. ஆனால் அது சரியாக ஓடியது என்று நினைக்காதீர்கள். பில்லைப் பதிந்தபின் ஸ்டாக்கைக் குறைக்கும் கட்டளை, வேறொருவர் அதே வரிசைமேல் போட்டிருக்கும் பூட்டு விடுபடுவதற்காக 50 விநாடி காத்திருந்து (மாற்றாத வரை அதுதான் அளவு) 1205 பிழையோடு தோற்கிறது என்று வையுங்கள். அங்கேயும் அந்த ஒரு கட்டளைதான் ரத்தாகும். உங்கள் கோடு லாக்கில் எழுதிவிட்டு கமிட் செய்யும். பில் இருக்கும், ஸ்டாக் குறைந்திருக்காது. பழைய ஸ்டாக்கை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

போன் நம்பர் விஷயத்துக்கு, இன்சர்ட்டோடு (புதிதாகப் பதியும் கட்டளையோடு) 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' சேருங்கள், பிழையே எழாது. ஒரு சின்ன வில்லங்கம்: அந்த வாடிக்கையாளரின் வரிசை முன்பே இருந்தால் 'ரிட்டர்னிங்' (பதிந்த வரிசையைத் திருப்பித் தரும் பகுதி) எதையும் தராது, ஐடியைத் தனியாக செலக்ட் செய்துதான் எடுக்க வேண்டும். வேறு ஏதாவது கட்டளை தோற்றாலும் பரவாயில்லை என்றால், அதற்கு முன் ஒரு சேவ்பாயிண்ட் (திரும்பி வருவதற்கான குறி) போட்டு, தோற்றதும் அதுவரை மட்டும் ரோல்பேக் செய்யலாம். மற்ற எந்தப் பிழையானாலும் முழு ரோல்பேக்தான். 40பி01 (டெட்லாக், அதாவது இருவர் ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்திருந்து முடங்குவது), 40001 (ஒரே நேரத்தில் ஓடுபவை ஒன்றோடொன்று மோதுவது) இரண்டில் எது வந்தாலும் அப்போது மட்டும் மொத்த டிரான்சாக்‌ஷனையும் முதல் கட்டளையிலிருந்து திரும்ப ஓட்டுங்கள், இரண்டு மூன்று முறை போதும். வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போகிறதென்றால் அதைக் கமிட்டுக்குப் பிறகு வையுங்கள். போன எஸ்எம்எஸ்ஸுக்கு ரோல்பேக் கிடையாது.

அப்புறம், பில் நம்பரை சீக்வென்ஸிலிருந்து (அடுத்தடுத்த எண் தரும் டேட்டாபேஸ் வசதியிலிருந்து) எடுக்கிறீர்களா? ரோல்பேக் ஆனாலும் சீக்வென்ஸ் பின்னால் வராது, நடுவில் எண் விடுபடும். ஜிஎஸ்டி பில்லுக்குத் தொடர் வரிசை எண் வேண்டும் என்பதால் ஆடிட்டர் கேட்பார். எண்ணை ஒரு டேபிளில் தனி வரிசையாக வைத்து, அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஒன்று கூட்டுங்கள். அந்த வரிசைக்காக மற்ற கவுண்டர்கள் காத்திருக்கும் என்பதால், அதைக் கமிட்டுக்குச் சற்று முன் செய்தால் போதும்.