கிளே சுட ஒரு பழைய துப்பாக்கி – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் பக்கம் வசிக்கிறேன். அலுவலக நண்பர்களோடு ஒருநாள் கிளே ஷூட்டிங் போனேன், பறக்கவிட்ட தட்டைச் சுடும் விளையாட்டு. பறந்துவந்த தட்டு தூளாகிச் சிதறியதைப் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்க ஆசை. புதியது கட்டுப்படியாகாது. இப்போது என் கண்ணில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் விற்பது. பர்மிங்ஹாமில் செய்த இரட்டைக்குழல், நூறு வருஷம் பழையதாம். தோல் பெட்டியோடு சேர்த்து 250 பவுண்ட் சொல்கிறார். அதன் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. இன்னொன்று, கடையில் பார்த்த பழைய பெரெட்டா சில்வர் பிஜன் என்ற இத்தாலியத் துப்பாக்கி. கட்டையெல்லாம் கீறல், ஆனால் விலை ஆயிரத்துக்கு மேல். எதை வாங்கலாம்? வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அப்புறம், என் மனைவிக்குத் துப்பாக்கி என்றாலே பயம். அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

பெரியவரின் துப்பாக்கி வேண்டாம். அது கெட்ட சாமான் என்பதற்காக இல்லை. நீங்கள் செய்யப்போகும் காரியத்துக்கு அது ஆகாது, அவ்வளவுதான். 250 பவுண்டுக்குக் கிடைக்கிறதே என்று நீங்கள் அதிசயப்படுகிறீர்கள். அந்த விலைக்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் பாதிப் பேர் அதை வேண்டாம் என்று விட்ட பிறகுதான் அது உங்களிடம் வந்து நிற்கிறது.

முதலில் தோட்டா. அந்தக் காலத்து ஆங்கிலத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்று கிளே மைதானத்துக் கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பது அநேகமாக 70 மி.மீ. தோட்டா. இதில் ஒரு பொறி இருக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு தோட்டா விரிந்து நிற்கும் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்து மூடியிருப்பதால் அது குட்டையாக இருக்கும். 65 மி.மீ. அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடம் இருக்காது. குழல் குறுகத் தொடங்கும் இடத்துக்குள் போய் நெருக்கும், அழுத்தம் எகிறும். “உள்ளே போகிறதே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போவதுதான் அதிலுள்ள ஆபத்தே. 65 மி.மீ. தோட்டாவும் கிடைக்கிறது, ஆனால் தேடி வாங்க வேண்டும், விலையும் கூட.

அடுத்தது புரூஃப் முத்திரை. இங்கே விற்கப்படும் எந்தக் குழலும் லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ இருக்கும் புரூஃப் ஹவுஸிலோ, அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுச் சோதனைச்சாலையிலோ அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுச் சோதித்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ் 1813-இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. இப்போதுள்ள சட்டத்தின் அடிப்படை 1868-இல் வந்தது. முத்திரை செல்லாமல் போன துப்பாக்கியை விற்பது குற்றம், தனியாள் விற்றாலும் குற்றம்தான். குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் முத்திரைகள் வரிசையாகத் தெரியும். பழைய கறுப்பு வெடிமருந்துக்கு மட்டும் சோதித்த குழலா, இன்றைய நைட்ரோ வெடிமருந்துக்கும் சோதித்ததா என்பது அங்கேதான் இருக்கிறது. ஆனால் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. நூறு வருஷத்தில் யாராவது துருவை எடுக்கக் குழலின் உள்பக்கத்தைக் கடைந்திருப்பார்கள். உள்விட்டம் அளவுக்கு மேல் பெருத்திருந்தால் அந்த முத்திரை செல்லாது. கருவி வைத்து அளந்தால்தான் அது தெரியும். பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மூன்றாவது, ஈயம். 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு ஈய ரவைக்கு, அதாவது தோட்டாவிலுள்ள ஈயச் சிறு குண்டுகளுக்கு, தடை அறிவித்துவிட்டது. அவகாசம் 2029 வரைதான். அதற்குப் பிறகு கிளே மைதானங்களில் பெரும்பாலும் எஃகு ரவைதான் ஓடும். எஃகு கடினமானது, ஈயம்போல வளைந்துகொடுக்காது. பழைய மெல்லிய குழல், அதிலும் முனையை இறுக்கிக் குறுக்கிய முழு சோக் உள்ள குழல், அதற்கு ஏற்றதல்ல. அறிவிப்பு வருவதற்கு முன்பே இந்த மாதிரித் துப்பாக்கிகளின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்குக் கிடைத்த “மலிவு” இதுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் தோள் தாங்காது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் காட்டில் நாளெல்லாம் தூக்கி நடந்து எப்போதாவது சுடுவதற்காகச் செய்தவை. ஆறரை ராத்தல்தான் இருக்கும். கிளேயில் நீங்கள் ஒரு காலையில் நூறு தோட்டா சுடுவீர்கள். ஒவ்வொன்றிலும் 28 கிராம் ரவை. கனமான துப்பாக்கி உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். இலேசானது உங்களிடம் தள்ளிவிடும். அதனால்தான் கிளேக்காரர்கள் ஏழரை, எட்டு ராத்தல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

ஆக, பெரெட்டாவுக்கு வருவோம். கீறலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கட்டையில் கீறல் என்பது யாரோ அதை ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். பளபளவென்று மெருகேற்றிய பழைய கட்டையைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். திருகாணிகளின் தலையைப் பாருங்கள். பள்ளங்கள் கடிபட்டுப் பிய்ந்திருந்தால், கண்ட திருப்புளியையும் வைத்து வீட்டிலேயே யாரோ திறந்திருக்கிறார்கள். இரும்போடு கட்டை சேரும் இடத்தில், கைபிடிக்கும் கழுத்துப் பகுதியில், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே மரம் கறுத்து எண்ணெய் ஊறியிருந்தால் அது மென்மையாகிப் போயிருக்கும்.

கடைக்காரரிடம் கேட்டு, காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகு, குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றுங்கள். முன்கட்டை இல்லாமல் மூடி, ஒரு கையால் கட்டையின் கழுத்தையும் மறுகையால் குழலையும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். மேலே கட்டைவிரலால் திறக்கும் லீவர் மூடியபின் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். புதிதில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். உழைக்க உழைக்க நடுவுக்கு வரும். இடப்பக்கம் தாண்டியிருந்தால் நிறையச் சுட்ட துப்பாக்கி. பெரெட்டாவில் ஒரு சௌகரியம், தேய்ந்த பூட்டுப் பகுதிகளுக்குப் பதிலாகக் கொஞ்சம் பெரிய அளவில் மாற்றுப் பகுதிகள் கிடைக்கும். துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு நல்ல கன்ஸ்மித் மாற்றிப் பழையபடி இறுக்கிவிடுவார். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

குழலைத் தனியாக எடுத்து அடிப்பக்கத்துக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறுகை விரல்முட்டியால் இலேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் ரிப்கள், அதாவது குழலோடு பற்றவைத்த நீளப் பட்டைகள், கெட்டியாகப் பற்றியிருக்கின்றன. மந்தமாக, சலசலவென்று கேட்டால் எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கிறது. பிறகு சன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் குழலுக்குள் பாருங்கள். ஒளி வளையங்கள் வட்டமாக ஓட வேண்டும். ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் சப்பையோ வீக்கமோ இருக்கும். வெளியே விரல் நுனியை மெதுவாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத வீக்கமும் கைக்குத் தெரியும். வீக்கம் இருந்தால் பேச்சே வேண்டாம்.

சோக்குகளை, அதாவது குழல் முனையைக் குறுக்கத் திருகிப் பொருத்தும் வளையக் குழாய்களை, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சாவி போட்டால் எளிதாகக் கழல வேண்டும். துருப்பிடித்து இறுகிய சோக்கோடு விற்பவர்கள் “எண்ணெய் போட்டால் வந்துவிடும்” என்பார்கள். வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். பெரெட்டா சோக்கின் விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கும். ஒரு வெட்டு முழு சோக், ஐந்து வெட்டு குறுக்கமே இல்லாத நேர்க்குழல். உங்களுக்கு மூன்றும் நான்கும் இருந்தால் போதும், எல்லாத் தட்டுக்கும் அதுவே ஓடும். குழலில் அல்லி மலர் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது எஃகு ரவைக்கான கடுஞ்சோதனையில் தேறியதற்கு அடையாளம். 2029-ஐ நினைத்து வாங்குகிறவருக்கு அது நாலு கீறலைவிடப் பெரிய விஷயம்.

கடைசியாக டம்மி தோட்டாக்களைப் போட்டு ட்ரிகரை அழுத்திப் பாருங்கள். முதல் குழல் டிக் என்னும், இரண்டாவது அசையாது. பயப்படாதீர்கள். இந்த மாடல்களில் பெரும்பாலும் முதல் வெடியின் உதைதான் இரண்டாவது குழலுக்கு ட்ரிகரை மாற்றிவிடும். உதை இல்லாத இடத்தில், அடிக்கட்டையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அழுத்தினால் டிக் என்று கேட்கும். திறந்ததும் இரண்டு டம்மியும் ஒன்றாகத் துள்ளி விழ வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால், தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரில் சின்ன வேலை இருக்கிறது.

இவ்வளவும் பார்த்துத் தேறினாலும், உங்கள் உடம்புக்கு அது பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். ரைஃபிளில் பின்பக்கம் ஒரு குறிபார்க்கும் துளையோ வெட்டோ இருக்கும். நாம் பேசும் இந்த ரவைத் துப்பாக்கியில், ஷாட்கன்னில், அது கிடையாது. உங்கள் கண்தான் அது. கன்னம் கட்டையில் எங்கே பதிகிறதோ அதை வைத்துத்தான் கண் எங்கே நிற்கும் என்பது முடிவாகிறது. கட்டை அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் நீங்கள் சரியாகப் பார்த்துச் சுட்டாலும் ரவை தட்டுக்குக் கீழே போகும். பொருந்தாத துப்பாக்கியால் சுடுவது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது மாதிரி.

கடையிலேயே பார்க்கலாம். காலித் துப்பாக்கி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள், கன்னத்தைச் சாயுங்கள், கண்ணைத் திறவுங்கள். ரிப்பின் மேல் நேராகப் பார்வை ஓடினால் நல்லது. லீவரின் முதுகு மட்டும் தெரிந்தால் கட்டை தாழ்வு. ரிப் முழுவதும் தார்ச்சாலைபோல விரிந்து தெரிந்தால் உயரம். நீளத்தையும் பாருங்கள். ஐரோப்பியர் உடம்புக்குச் செய்த கட்டை என்னைப்போல ஐந்தரை அடி ஆளுக்குப் பெரும்பாலும் நீளம்தான், தோளில் ஏற்றும்போது அக்குளில் மாட்டும். அறுத்துக் குறைக்கலாம், அது சுலபமான வேலை. நீங்கள் இடதுகைக்காரரா, எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கண்ணும் திறந்து தூரத்து விளக்குக் கம்பத்தை விரலால் சுட்டுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் கண். கட்டைகள் வலக்கைக்குச் சற்று வலப்பக்கம் சாய்த்துச் செய்யப்படுகின்றன. தெரியாமல் வாங்கிவிட்டு, தட்டு விழவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் எல்லா மைதானத்திலும் உண்டு.

பெரெட்டாதான் வாங்க வேண்டும் என்றில்லை. ஜப்பானில் மிரோக்கு செய்யும் துப்பாக்கிகளும், அதே ஆலையில் பிரவுனிங் பெயரில் வந்த 425, 525 மாடல்களும் என் கணக்கில் அதே தரம்தான், உழைப்பில் குறைவே இல்லை. கை சிறியவர்களுக்குப் பெரெட்டாவின் ஒல்லியான உடம்பு பிடிக்கும். கனம் வேண்டுபவர்கள் மிரோக்குவுக்குப் போவார்கள். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் ஸ்பானிய லான்பர். அழகு இல்லை, ஆனால் தட்டுக்கு அழகு தெரியாதே.

காகிதவேலை சுருக்கமாக. ஷாட்கன் சான்றிதழ் இல்லாமல் நீங்கள் எதையும் வாங்க முடியாது, பெரியவரும் விற்க முடியாது. உங்கள் பகுதிப் போலீஸிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து கட்டணம் 194 பவுண்ட், ஐந்து வருஷம் செல்லும். பிளைமவுத்தில் 2021 ஆகஸ்டில் ஒருவன் உரிமத் துப்பாக்கியால் ஐந்து பேரைக் கொன்ற பிறகு டாக்டரின் மருத்துவத் தகவல் கட்டாயமாகிவிட்டது. எனவே மாதக்கணக்கில் ஆகலாம். அவசரப்படாதீர்கள், அந்த மாதங்களை வீணாக்கவும் வேண்டாம். போலீஸ் அங்கீகரித்த கிளே மைதானங்களில் சான்றிதழ் இல்லாமலே இரவல் துப்பாக்கியில் சுடலாம். பயிற்சியாளரோடு நாலைந்து தடவை வெவ்வேறு துப்பாக்கிகளில் சுட்டுப் பாருங்கள். எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று உங்கள் தோளே சொல்லும். முதல் துப்பாக்கியைக் கடையில் வாங்குங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் உத்தரவாதம் இருக்கும், வாங்கும் முன் சுட்டுப் பார்க்கவும் விடுவார்கள். வாங்கிய 7 நாளுக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க மறக்காதீர்கள்.

இனி உங்கள் மனைவியின் பயம். அதை மாற்ற முயலாதீர்கள். துப்பாக்கி பிஎஸ் 7558 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையுள்ள எஃகு அலமாரியில், சுவரோடு போல்ட் போட்டு இருக்க வேண்டும். சாவி சான்றிதழ் உள்ளவரிடம் மட்டும்தான். சான்றிதழ் இல்லாத மனைவிக்குச் சாவி இருக்கும் இடம்கூடத் தெரியக்கூடாது என்பதுதான் விதி. போலீஸ்காரர் வீட்டுக்கு வரும்போது இதை உங்கள் மனைவியிடமும் பேசுவார். அப்போது அவரும் உடன் இருக்கட்டும், கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும். அலமாரியை எந்த அறையில் வைப்பது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். கெட்டியான சுவரில், சன்னல் வழியாகத் தெரியாத இடமாக இருந்தால் போதும். என் வீட்டில் அது மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. அரிசி எடுக்கும்போதெல்லாம் எனக்குத் திட்டு விழுகிறது.