இருட்டுக் கொட்டகை: பேய்ப்படக் கேள்வி–பதில்

(பதில் சொல்பவர், உச்சிப்புளிப் பக்கம் டூரிங் கொட்டகையில் புரொஜக்டர் ஓட்டிய பழைய ஆபரேட்டர்)

கேள்வி: இப்போது வரும் பேய்ப்படங்களில் நகைச்சுவை நடிகரைவிடப் பேய்தான் அதிகம் சிரிக்க வைக்கிறது. உண்மையிலேயே பயமுறுத்தும் தமிழ்ப்படம் ஒன்று சொல்லுங்கள். – மண்டபம் வாசகர்

பதில்: பேய்க்கும் பிழைப்பு ஓட வேண்டாமா, விடுங்கள். 'யாவரும் நலம்' (2009) பாருங்கள். விக்ரம் குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. பதின்மூன்றாம் மாடியில் புது வீடு. மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. வீட்டுப் பெண்கள் மதியம் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் இவர்கள் குடும்பத்தில் நடப்பதெல்லாம் கதையாக வருகிறது. பாழடைந்த பங்களா இல்லை, வெள்ளைப் புடவை இல்லை. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து பார்க்கிறோமே, அந்தத் தொடருக்குள்ளேயே பயத்தை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மதியத் தொடரை நான் தனியாகப் பார்ப்பதில்லை.

பழையது வேண்டுமென்றால் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). பேய்ப்படம் அல்ல, மறுபிறவிக் கதை. ஆனால் வின்சென்ட்டின் கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பும், தள்ளாத வயதிலும் வஞ்சம் தீராத ஜமீன்தாராக வரும் நம்பியாரும் எந்தப் பேய்க்கும் குறைந்தவர்கள் இல்லை.

கேள்வி: நான் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், கையில் நேரம் கிடக்கும். கடலில் நடக்கும் பயங்கரப் படங்கள் சொல்லுங்கள், அண்ணாச்சி. – தங்கச்சிமடம் வாசகர்

பதில்: தம்பி, முதலில் 'ஜாஸ்' (1975). பார்த்திருப்பீர்கள். ஆனாலும் ஒரு படகுக்காரராக மறுபடி பாருங்கள். ஸ்பீல்பெர்க் இதை ஸ்டூடியோத் தொட்டியில் எடுக்காமல் நிஜக் கடலுக்கே போனார். அதற்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. உப்புக்காற்று இயந்திரத்தை என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுறா வேலை செய்யாததால் அதைக் காட்டாமலே எடுத்தார்கள். நீரின் மேல் இழுபடும் மஞ்சள் பீப்பாய்களும், ஜான் வில்லியம்ஸ் திரும்பத் திரும்ப வாசிக்கும் இரண்டு சுரங்களும்தான் பெரும்பாலும் அங்கே சுறா. எல்லாம் சரியாக வேலை செய்திருந்தால் படம் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பது என் கட்சி.

அடுத்தது, தேடியாவது பார்க்க வேண்டியது: மசாகி கோபயாஷியின் 'குவைதான்' (1964). நான்கு கதைகள், மூன்று மணி நேரம். மூன்றாம் கதை உங்களுக்கானது. 1185இல் ஜப்பானில் நடந்த கடற்போரில் ஹெய்கே குலம் அழிந்தது. மாண்டவர்களின் ஆவிகள், பார்வையற்ற யாழிசைப் பாடகன் ஒருவனை இரவுதோறும் அழைத்துப்போய்த் தங்கள் போர்க்கதையையே பாடச் சொல்கின்றன. அவனைக் காப்பாற்ற உடம்பெல்லாம் மந்திரம் எழுதுகிறார்கள். ஓரிடத்தில் எழுத மறந்துவிடுகிறார்கள். எந்த இடம் என்று படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போகிறதே என்று ஓட்டிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். வலை போட்டவருக்குக் காத்திருப்பது புதிதா என்ன?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து இரவில் தனுஷ்கோடி இடிபாடுகளுக்கு நடுவே மடிக்கணினியில் பேய்ப்படம் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். பொருத்தமான படம் எது? – ராமநாதபுரம் கல்லூரி மாணவர்

பதில்: எதுவும் இல்லை. இருட்டிய பின் அங்கே தங்க விடமாட்டார்கள் என்பது இருக்கட்டும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலே அலையில் போனது. அதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. நீங்கள் முதுகு சாய்க்க நினைக்கும் அந்தத் தேவாலயச் சுவரில் ஒரு காலத்தில் கல்யாணம் நடந்தது, குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. இன்றும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டுப் பிழைக்கின்றன. அவர்கள் தூங்கும் நேரத்தில் நீங்கள் வீறிட்டால் அவர்களுக்கு நீங்கள்தான் பேய். பேய் நகரம் என்று பலகை வைத்துச் சங்குமாலை விற்பதையே என்னால் ஏற்க முடியவில்லை. இந்தத் தீவில் இன்னும் திதி கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன, தம்பி.

விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு 'தும்பாட்' (2018) பாருங்கள். ராஹி அனில் பார்வேயின் இந்திப் படம். புதையல், பேராசை, ஓயாத மழை. பல மழைக்காலங்கள் காத்திருந்து எடுத்த ஈரம் அது. வானம் பார்த்த நம் மாவட்டத்துக்காரருக்கு அவ்வளவு மழையே பாதி அமானுஷ்யம்.

கேள்வி: மாமியாருக்கும் எனக்கும் பேய்ப்படம் பிடிக்கும். ரத்தம் தெறிப்பது இருவருக்கும் ஆகாது. பத்து வயது மகனும் கூட உட்கார்வான். – கீழக்கரை வாசகி

பதில்: 'தி அதர்ஸ்' (2001). வெளிச்சம் பட்டாலே உடம்புக்கு ஆகாத இரண்டு பிள்ளைகள், ஒரு கதவைப் பூட்டாமல் இன்னொன்றைத் திறக்கக் கூடாது என்று கட்டளையிடும் தாய். ரத்தக்களறி கிடையாது. முடிவை யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாக உங்கள் மாமியாருக்கு. மகனை மட்டும் தூங்க வைத்துவிடுங்கள் அம்மா. இன்னும் மூன்று நான்கு வருடம் போகட்டும்.

கேள்வி: பயமாக இருக்கும் இடத்தில் ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்க்கிறேன். தவறா? – தேவிபட்டினம் வாசகர்

பதில்: கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மன்னிக்கிறேன். ஒலியைக் குறைப்பது படத்தையே அணைப்பதற்குச் சமம். எங்கள் கீற்றுக் கொட்டகைக்கு வெளியே, டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் மணலில் உட்கார்ந்து வசனமும் இசையும் மட்டும் கேட்பார்கள். பேய்ப்படம் ஓடும் இரவுகளில் உள்ளே இருந்தவர்களுக்கு முன்பே அவர்கள்தான் எழுந்து ஓடினார்கள். 'சைக்கோ'வின் (1960) குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் வயலின்களைக் கிறீச்சிட வைத்து எழுதிக் காட்டியதும் மனம் மாறினார். இன்று அந்தக் காட்சியை ஒலியில்லாமல் ஓட்டிப் பாருங்கள். திரையில் வழிவது ரத்தமல்ல, சாக்லேட் பாகு என்பது அப்போது தெரிந்துவிடும்.