கிளர்ச்சியை அடக்கிவிடலாம், அமைதி ஏன் வருவதில்லை? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் என் முறை. சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கிளர்ச்சி, வெளிநாட்டுப் படை, சமாதானப் பேச்சு என்று தலைப்புக் கொடுத்துக் கேள்வி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். திட்டி மட்டும் எழுதியிருந்தவற்றை ஒதுக்கிவிட்டேன், எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம்.

படிவம் ஐந்து மாணவர்: சார், அவசரகாலம் நம்ம ஊர்லதான் ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க. மூணு துரைமார் செத்ததுக்காகவா பன்னிரண்டு வருஷம் சண்டை?

ஆரம்பித்த இடம் பேராக் மாநிலத்து இந்தச் சுங்கை சிப்புட்தான். பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களோடு போட்ட சண்டைக்குத்தான் அவசரகாலம் என்று பெயர். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்தில் ஒரு துரையைச் சுட்டார்கள், கொஞ்ச நேரத்தில் பக்கத்து எஸ்டேட்டில் இன்னும் இரண்டு பேரை. இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். ஆனால் அது சண்டை வெடித்த தேதி, காரணம் அதற்கு முன்னாலேயே இருந்தது. ஜப்பான் காலத்தில் காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு ஆயுதம் கொடுத்ததே பிரிட்டிஷ்காரன்தான். யுத்தம் முடிந்து அரிசி விலை எங்கேயோ போய்விட்டது, தோட்டச் சம்பளம் அதே இடத்தில் நின்றது, சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின, அரசாங்கம் சட்டத்தை இறுக்கியது, கம்யூனிஸ்ட் கட்சியும் அதற்குள் ஆயுதப் பாதைக்குச் சாய்ந்துவிட்டது. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த கணபதி நம் தமிழர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இதைப் பாடப் புத்தகத்தில் தேடிக் களைத்துப் போகாதே தம்பி.

ஹீவூட் பக்கத்து அக்கா: எங்க பாட்டி சொல்வாங்க, அந்தக் காலத்துல ரப்பர் பால் வெட்டப் போறவங்க சோறு கட்டிக்கிட்டுப் போகக் கூடாதாம். சோத்துல என்ன இருக்கு?

எல்லாமே சோற்றில்தான் இருந்தது அக்கா. காட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போவது தோட்டத்து ஓரத்திலும் காட்டோரக் குடிசைகளிலும் இருந்துதான். அதை அறுக்க 1950-இல் பிரிட்டிஷ் ஜெனரல் பிரிக்ஸ் போட்ட திட்டம் வந்தது. காட்டோரம் இருந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் ஒரே இடத்தில் நெருக்கி முள்கம்பி வேலி போட்டார்கள். விடியற்காலை வாசல் கதவு திறக்கும்போது ஆண் பெண் எல்லாருக்கும் உடம்புச் சோதனை, பெண்களைத் தடவிப் பார்க்க பெண்களையே நிறுத்தியிருந்தார்கள். கையில் உளி இருக்கலாம், வாளி இருக்கலாம், மத்தியானச் சோறு இருக்கக் கூடாது. கடையில் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், உள்ளே இருப்பது கெட்டுப் போகிறதுக்குள் தின்றாக வேண்டும். சில இடங்களில் அரிசியே விற்கவில்லை, பொது அடுப்பில் ஆக்கிய சோறுதான், ஏனென்றால் சோற்றைப் பதுக்க முடியாது. காலையில் அரை வயிற்றோடு போன பாட்டி மத்தியானம் திரும்பி வந்துதான் சாப்பிட்டிருப்பார்.

ஆங்கிலேயர்கள் இதை "மக்கள் மனசை ஜெயித்தோம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வாசகத்தைப் பரப்பிய பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர்தான் 1952-இல் தஞ்சோங் மாலிமில் ஊரையே பழி வாங்குவது மாதிரி நாளைக்கு 22 மணி நேரம் ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கையும் குறைத்தார். பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் ஆயுதம் இல்லாத 24 பேரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றது தனிக் கதை. மனசை ஜெயித்தது ஓரளவு உண்மை, ஆனால் வயிற்றைக் கட்டிய பிறகு.

லோரி ஓட்டும் தம்பி: அண்ணே, பிரிட்டிஷ்காரன் இங்க ஜெயிச்சான், அமெரிக்காக்காரன் வியட்நாம்லயும் ஆப்கானிஸ்தான்லயும் தோத்தான். அவனுக்கு ஏன் முடியல?

இங்கே நடந்ததை அப்படியே எடுத்துப் போய் வைத்துப் பார்த்தார்கள். மலாயாவில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ராபர்ட் தாம்ப்சன்தான் சைகோனில் ஆலோசகர், 1962-இல் அங்கேயும் வேலி போட்ட கிராமங்கள் கட்டினார்கள். இரண்டு வருஷம் கூடத் தாங்கவில்லை.

இங்கே இருந்த சாதகங்களைப் பார். காட்டில் இருந்தவர்கள் உச்சத்தில் சுமார் 8 ஆயிரம் பேர். எதிரே 40 ஆயிரம் சிப்பாய், 60 ஆயிரத்துக்கு மேல் போலீஸ், அதற்கு மேல் ஊர்க்காவல் படை. போராளிகள் அநேகமாகச் சீனர்கள், மலாய்க்காரர்கள் பெரிய அளவில் அந்தப் பக்கம் போகவில்லை. வெளியிலிருந்து ஆயுதம் வர வழியில்லை, ஒரே எல்லை தாய்லாந்து. கொரியா யுத்தத்தால் ரப்பர், ஈய விலை ஏறியதில் செலவுக்குப் பணமும் கிடைத்தது. எல்லாவற்றையும் விடப் பெரியது, சுதந்திரம் கொடுக்கிறோம் என்று சொல்லி 1957-இல் கொடுத்தும் விட்டார்கள், சீனர்களில் பெரும் பகுதிக்குக் குடியுரிமையும் கிடைத்தது. வெள்ளைக்காரனை விரட்டுவோம் என்று காட்டில் இருப்பவன், அவன் போன பிறகு யாரை விரட்டுவான்?

வியட்நாமில் இதில் ஒன்றுமே இல்லை. வடக்கே ஒரு முழு அரசாங்கம், லாவோஸ் வழியாகப் பாதை. ஆப்கானிஸ்தானில் பாகிஸ்தான் எல்லை. தலிபான் உடைந்து கிடந்த 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் புது அரசாங்கம் அமைக்க உட்கார்ந்தபோது தலிபானைக் கூப்பிடவில்லை. 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தலிபானும் கையெழுத்துப் போட்டபோது காபூல் அரசாங்கம் மேசையில் இல்லை. முதல் தடவை ஒரு தரப்பு வெளியே, இரண்டாவது தடவை இன்னொரு தரப்பு வெளியே. ஆனால் கடைசியில் அந்த நாட்டில் சேர்ந்து இருக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான். என்னைக் கேட்டால் தோல்வி அங்கேயே எழுதியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோவியத் படை 1989 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியபோது, அவர்கள் ஆதரவில் காபூலில் ஆண்ட நஜிபுல்லா சீக்கிரமே விழுந்துவிடுவார் என்றார்கள். மனுஷன் 1992 ஏப்ரல் வரை நின்றார். சோவியத் உடைந்து பணமும் எண்ணெயும் நின்ற பிறகுதான் விழுந்தார். 2021-இல் காபூல் ஆகஸ்ட் 15 அன்று விழுந்தது, கடைசி அமெரிக்கச் சிப்பாய் விமானம் ஏறியது 30-ஆம் தேதி. படை போவதற்கு முன்னாலேயே அரசாங்கம் போய்விட்டது.

பேராக் போலீசில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா: ஈராக்கில் செய்த பெரிய தப்பு எது?

2003 மே மாதம் அமெரிக்கர்கள் ஈராக் ராணுவத்தைக் கலைத்தது. லட்சக்கணக்கான ஆட்களை, துப்பாக்கி பழகியவர்களை, சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை ஐயா. அதே மாதம் சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தில் இருந்தவர்களையும் அரசாங்க வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: இந்தியா அமைதிப்படை அனுப்பியும் ஈழத்தில் ஏன் நாசமானது? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும். சண்டை போட்டுக்கொண்டிருந்த புலிகள் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் ஆயுதத்தைக் கீழே போட வேண்டியது அவர்கள். காவலுக்கு வந்த படை அக்டோபருக்குள் சண்டைக்காரப் படையாகிவிட்டது, ஊர் ஜனங்கள் நடுவில் செத்தார்கள், இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். கொழும்பிலோ பிரேமதாசா வந்ததும் "கிளம்புங்கள்" என்றார். 1990 மார்ச்சில் கிளம்பினார்கள், இரண்டு பக்கமும் கெட்ட பெயரோடு. அதற்கு அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர்.

2002-இல் நார்வே கொண்டுவந்த சண்டை நிறுத்தத்தில் கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள், மீறல்களை எழுதி வைத்தார்கள், மீறியவர்களை ஒன்றும் செய்ய அதிகாரம் இல்லை. இரண்டு தரப்பும் அந்த அவகாசத்தில் பலத்தைக் கூட்டிக்கொண்டன. 2009 மே வரை நடந்தது தெரியும். எந்தத் தரப்பு சரி என்று நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இன்றும் நாற்காலி பறக்கும், அதற்குள் நான் போகப் போவதில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: சார், பேச்சு நடத்தும்போது ஆயுதத்தை யார் முதலில் கீழே வைப்பது? வைத்தவரை மற்றவர் அடிக்க மாட்டாரா?

டீச்சர், முழு விஷயமே இந்த முடிச்சில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் பலவீனமாவது கிளர்ச்சிக்காரன். துப்பாக்கி போய்விட்டால் அரசாங்கம் வார்த்தை தவறினால் அவனால் என்ன செய்ய முடியும்?

இதை நன்றாக அவிழ்த்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆச்சே. சுனாமி ஊரையே அள்ளிக்கொண்டு போன பிறகு, 2005 ஆகஸ்ட் 15 ஹெல்சிங்கியில் ஒப்பந்தம். தனி நாடு கேட்டுப் போராடிய ஆச்சே விடுதலை இயக்கம் 840 ஆயுதங்களைக் கட்டம் கட்டமாக ஒப்படைக்க, ஜகார்த்தா அதே கட்டங்களில் வெளி மாகாணப் படைகளைத் திரும்ப அழைத்தது. ஐரோப்பிய, ஆசியான் கண்காணிப்பாளர்கள் இடத்திலேயே நின்று பார்த்தார்கள், நம் மலேசியர்களும் அதில் உண்டு. தனி நாடு கோரிக்கையை இயக்கம் விட்டது, பதிலுக்கு உள்ளூர்க் கட்சி தொடங்க அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே இயக்கத்து ஆள் கவர்னர் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

தென் பிலிப்பைன்ஸின் மின்டனாவோவில் இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. கோலாலம்பூர் நடுவராக இருந்து மணிலாவுக்கும் மோரோ முஸ்லிம் இயக்கத்துக்கும் 2014-இல் ஒப்பந்தம் ஆனது, மறு வருஷம் ஜனவரியில் மமசபானோவில் 44 போலீசார் செத்தார்கள், மணிலா நாடாளுமன்றத்தில் சட்டம் முடங்கியது, சுயாட்சிப் பிரதேசம் அமைய 2019 ஆகிவிட்டது. ஒரு நாள் துப்பாக்கிச் சூடு பல வருஷப் பேச்சைத் தள்ளிப் போட்டுவிடும்.

கமுனிங் பக்கத்து அண்ணன்: ஐ.நா. படையை அனுப்பினால் போதாதா?

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பிறகு போனால் உதவும். ஒத்துக்கொள்ளாத இடத்தில் போனால் அந்தப் படையைக் காப்பாற்றவே இன்னொரு படை வேண்டும். 1993 அக்டோபரில் மொகடிஷுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்கச் சிப்பாய்களை மீட்கப் போன கவச வண்டிகள் நம் ராணுவத்துடையவை, அதில் நம் சிப்பாய் ஒருவரும் உயிர் விட்டார். அமெரிக்கா வெளியேறி, ஐ.நா. வெளியேறி, சோமாலியா அப்படியே கிடந்தது.

படிவம் ஐந்து மாணவர் மறுபடியும்: சார், அப்படியென்றால் இங்கே எப்போது முடிந்தது? 1960-ஆ?

அவசரகாலம் முடிந்ததாக அறிவித்தது 1960 ஜூலை 31. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் ஆட்கள் தாய்லாந்து எல்லையில் இருந்தார்கள், 1968-இல் மறுபடி சண்டை. உண்மையில் முடிந்தது 1989 டிசம்பர் 2, ஹாட்யாய் ஒப்பந்தத்தில். கணக்குப் போட்டுப் பார், இவ்வளவு சாதகம் இருந்த இடத்திலேயே 41 வருஷம்.

நடுவில் 1955 டிசம்பரில் பாலிங்கில், அப்போது மலாயாவின் முதலமைச்சராக இருந்த துங்குவும் சின் பெங்கும் இரண்டு நாள் பேசினார்கள். சரணடையச் சொன்னார் துங்கு, கட்சியை அங்கீகரிக்கச் சொன்னார் சின் பெங், உடைந்தது. ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்பு துங்கு கைக்கு வந்தால் ஆயுதத்தை வைக்கத் தயார் என்று சின் பெங் சொன்னதை, சில வாரம் கழித்து லண்டன் பேச்சுக்குப் போனபோது துங்கு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். தோற்ற பேச்சுவார்த்தையும் ஒருவருக்கு உபயோகப்படும். ஹாட்யாயில் சரணடைவு என்ற பேச்சே இல்லை, அதனால்தான் கையெழுத்து விழுந்தது என்பது என் கருத்து.

லோரி ஓட்டும் தம்பி: தென் தாய்லாந்து? பெத்தோங் பக்கம் சரக்கு ஏத்தப் போறேன், அதான்.

பெத்தோங்கில் பழைய கம்யூனிஸ்டுகள் தோண்டிய சுரங்கத்துக்கு இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம், பார்த்துவிட்டு வா. இப்போது அங்கே நடப்பது வேறு சண்டை, தென் மாகாணங்களின் மலாய் முஸ்லிம் கிளர்ச்சிக்காரர்களுக்கும் தாய்லாந்து அரசாங்கத்துக்கும், 2004-இல் மறுபடி கிளம்பியது. நம் நாடு 2013 முதல் நடுவர், முக்கிய இயக்கமான பி.ஆர்.என். தலைமையோடு நேரடிப் பேச்சு 2020-இல் தொடங்கியது. பாங்காக் இதை உள்வீட்டு விஷயமாகவே வைத்திருக்கப் பார்க்கிறது, ஆச்சேயில் நின்றது மாதிரி வெளிக் கண்காணிப்பாளர் வருவதை விரும்பவில்லை. மேசைக்கு வருபவர் சொல்வதைக் களத்தில் குண்டு வைப்பவன் கேட்பானா என்பதும் நிச்சயமில்லை. சீக்கிரம் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரோட்டில் சோதனைச் சாவடி வந்தால் வேகத்தைக் குறை, இரவில் அந்தப் பக்கம் ஓட்டாதே.