ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்த அம்மாவுக்கு மீன்குழம்பும் சோறும் நெஞ்சில் அடைக்கிறது. என்ன சமைத்துக் கொடுக்கலாம்?

கேள்வியின் விவரம்: கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் செய்து நாலாவது கிழமை. அம்மா இப்போது களுவாஞ்சிகுடியில் வீட்டில் இருக்கிறா. குழையவிட்ட சோறும் மீன்குழம்பும் கொடுத்தால் ரெண்டு வாயிலேயே அடைக்குது என்கிறா, சிலநேரம் சத்தியும் வருகிறது.

பதில்:

முதலில் சோற்றை நிறுத்துங்கள். உறைப்பும் எண்ணெயும்தான் பிரச்சினை என்று நினைத்து வீடுகளில் அவற்றைக் குறைப்பார்கள், சோற்றை மட்டும் விடமாட்டார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சாப்பாட்டின் பதம்.

ஸ்லீவ் செய்யும்போது இரைப்பையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய், கொள்ளளவு ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலீட்டர். நாலாவது கிழமையில் உள்வீக்கமும் முழுதாக வற்றியிருக்காது. குழைந்த சோறு பசையாகி ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாக நிற்கும். பாணும் அப்படித்தான். புட்டு ஈரத்தை இழுத்து உள்ளே ஊதும், அதனால் சொதி ஊற்றிக் குழைத்தாலும் இப்போதைக்கு வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. இருக்கிற கொஞ்ச இடத்தைச் சோறு பிடித்துவிட்டால் புரதத்துக்கு இடமில்லை. அம்மாவுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், களைப்பு வரும், மூன்றாம் நாலாம் மாதத்தில் தலைமுடியும் கூடுதலாகக் கொட்டும்.

மீனை நிறுத்த வேண்டாம். சமைக்கும் விதத்தை மாற்றினால் போதும். கொடுவா அல்லது பாரையில் முள்ளும் தோலும் நீக்கிய 150 கிராம் துண்டு எடுங்கள். சூரை வெந்ததும் வறண்டு நாராகப் பிரியும், சாளையிலும் நெத்தலியிலும் பொடிமுள். மூன்றையும் பிறகு பார்க்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு சின்ன வெங்காயம், ஒரு பல்லு உள்ளி, கால் தேக்கரண்டி மஞ்சள், கொஞ்சம் சீரகத்தூள், உப்பு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை போட்டுக் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு அடுப்பைக் குறையுங்கள். ஆறு ஏழு நிமிடம் போதும். நம் குழம்பு கொதிப்பதுபோல் வற்றக் கொதிக்கவிட்டால் தசை இறுகி நாராகிவிடும், அந்த நார்தான் போய் அடைக்கும். இறக்கியதும் கறிவேப்பிலையை எடுத்துவிட்டு, மீனை விரலால் உதிர்த்து முள் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். அவித்த தண்ணீரில் நாலைந்து மேசைக்கரண்டி சேர்த்து பிளெண்டரில் மையாக அடியுங்கள். கடைசியில் இரண்டு கரண்டி தண்ணிப்பால் விட்டு, கொதிக்கவிடாமல் சூடு காட்டி, தேசிக்காய்ப் புளி நாலு சொட்டு. பதம் சரியா என்று பார்க்க, கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். நார் தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

ஒவ்வொரு வேளையும் இப்படி மினக்கெட முடியாது. ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். ஒரு குழி சுமார் ஒரு மேசைக்கரண்டி வரும். தேவையானதை மட்டும் எடுத்து, ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மெல்லிய சூட்டில் இளக்கிக் கொடுங்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கிய மீன் வறண்டுவிடும். காலையில் ஒத்துக்கொண்ட அதே கறி இரவில் அடைப்பது அதனால்தான்.

முட்டை அவித்துக் கொடுத்தால் ரப்பர்போல இருக்கும். ஒரு முட்டையை மூன்று மேசைக்கரண்டி பாலோடு அடித்து, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, இடியப்பம் அவிக்கிற பானையில் குறைந்த சூட்டில் எட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். கிண்ணத்தைத் தட்டினால் நடுப்பகுதி மட்டும் லேசாக ஆடுகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். மைசூர்ப் பருப்பை ஒன்றுக்கு நாலு தண்ணீரில் கரைய அவித்து அடித்துக் கொடுக்கலாம். தாளிதம் போடாதீர்கள், கடுகும் செத்தல் மிளகாயும் தொண்டையிலேயே நிற்கும். எருமைத் தயிர் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. மேலாடையை எடுத்துவிட்டு, துணியில் கட்டி ஒரு மணித்தியாலம் தண்ணீர் வடியவிட்டால் குறைந்த அளவில் கூடுதல் புரதம் கிடைக்கும். பாணி விடவே வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு வேளைக்கு மூன்று நாலு மேசைக்கரண்டி, நாளுக்கு ஐந்தாறு வேளை. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், மீன் 40 கிராமில் 8 அல்லது 9, தயிர் 100 கிராமில் 4 அல்லது 5, ஆடை நீக்கிய பால்மா 25 கிராம் கரைத்த ஒரு கோப்பைப் பாலில் 9. எல்லாம் கூட்டினாலும் இந்த மாதத்தில் 60 தொடுவது கடினம். அதனால்தான் புரத மா (புரோட்டீன் பவுடர்) எழுதித் தருகிறார்கள், அதை நிறுத்தாதீர்கள். டொக்டர் தந்த தாளில் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள், ஏனென்றால் எந்தக் கிழமையில் எந்தப் பதம் என்பது வைத்தியசாலைக்கு வைத்தியசாலை கொஞ்சம் மாறும்.

தேக்கரண்டியால் சாப்பிடட்டும். ஒரு வாய் இறங்கியபிறகு அடுத்தது, மொத்தம் இருபது முப்பது நிமிடம். விக்கல், மூக்கால் நீர், நெஞ்சுக் குழியில் ஒரு அழுத்தம், இதில் எது வந்தாலும் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு கரண்டிகூட வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் “இன்னும் கொஞ்சம் தின்னுங்க, மறுகா ஒண்டும் ஆகாது” என்று வற்புறுத்துவது நம் பக்கத்துப் பாசம். அதை வாசலிலேயே தடுப்பது உங்கள் பொறுப்பு.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணித்தியாலம் முன்னரும் பின்னரும் விட்டு, மற்ற நேரமெல்லாம் மிடறு மிடறாகக் குடித்து நாளுக்கு ஒன்றரை லீட்டர் ஆக்க வேண்டும். நம் வெயிலுக்கு அதுவும் குறைவுதான். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். இளநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம், அதிலும் சீனி உண்டு. சோடாவும் கோடியலும் வேண்டாம். வட்டிலப்பம், மஸ்கட், தயிரும் பாணியும் போன்றவை குடலுக்குள் சீனியை ஒரே மூச்சில் இறக்கி நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் வரவைக்கும். இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அது கடுமையாக இருக்கும், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம்.

இரண்டாம் மாதத்தில் அடிக்காமல் மசித்த மீன், நன்றாக வெந்த பயறு, பூசணி. இறாலும் கணவாயும் வாயில் போட்டு மென்றால் ரப்பர்போல இருக்கும், அவற்றுக்கு அவசரமில்லை. சோறு மூன்றாம் மாதமளவில், மீனும் பருப்பும் சாப்பிட்டு இடமிருந்தால் இரண்டு மேசைக்கரண்டி.

விட்டமின் குளிசைகள் ஆயுள் முழுக்க. கல்சியத்தையும் இரும்புக் குளிசையையும் இரண்டு மணித்தியாலம் பிரித்துக் கொடுங்கள், இரும்புக் குளிசையோடு தேநீர் வேண்டாம். அம்மாவுக்கு நீரிழிவு, பிரஷர் குளிசை இருந்தால் பழைய அளவு இப்போது கூடிப்போகலாம். கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள்.

பதத்தை மாற்றியும் சத்தி நிற்காவிட்டால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாலோ, காய்ச்சல், வேகமான நாடி, வயிற்றிலோ இடது தோளிலோ நோவு இருந்தாலோ உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கையில் டயக்னோசிஸ் காட் (வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும்போது தந்த நோய் விவர அட்டை) இருக்க வேண்டும். நாட்கணக்காகச் சத்தி எடுத்தால் உடம்பில் தயமின், அதாவது விட்டமின் பி1, தீர்ந்துவிடும். கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிவது அதன் அறிகுறிகள். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். அதனால் அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகவே ஸ்லீவ் செய்தவர், இத்தனை நாளாகச் சத்தி என்று சொல்லுங்கள்.